ஆங்கில வாசிப்புக் கல்வி: கடையம் வட்டாரமும் தமிழகமும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர், அச்சிட்ட ஓர் ஆங்கிலப் பகுதியைப் பிறர் துணையின்றித் தாமே படித்துப் பொருள் கொள்ளப் பழக்கும் பள்ளிப் பயிற்சியே ஆங்கில வாசிப்புக் கல்வி. தென்காசி மாவட்டத்திலுள்ள கடையம் 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊர். எனவே இந்த வட்டாரத்தில் இக்கல்வியின் வரலாறு நெல்லைச் சீமையின் பள்ளிகளோடும் சென்னை மாகாணத்தின் பாடத்திட்டங்களோடும் பின்னிக் கிடக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் ஒரு கேள்வி மட்டும் தலைதூக்கியபடியே வந்திருக்கிறது: வகுப்பில் உண்மையில் வாசிப்பவர் ஆசிரியரா, மாணவரா?

தொடக்கம்

சென்னைக் கோட்டைக்குள் 1715-இல் தொடங்கிய புனித மேரி தரும பள்ளி ஐரோப்பிய வழிப் பிள்ளைகளுக்கானது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி 1785-ஐ ஒட்டி மிஷனரி சுவார்ட்சின் பொறுப்பில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் நடந்தது. அரசு அலுவலுக்கு ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

அதே காலத்தில் வாசிப்புக் கல்வி எதிர்த்திசையிலும் பயணம் செய்தது. எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதைகள் காப்பகத்துக்கு 1789 முதல் பொறுப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல். ஒரு நாள் தமிழ்ப் பள்ளியொன்றைக் கடந்து போனபோது, பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் இணங்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். அந்தச் சிறுவன் செய்து காட்டினான். மாணவனே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் வேலைதான் அது. பெல் ஊர் திரும்பி 1797-இல் வெளியிட்ட நூல் வழியாக அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. நம் ஊர் மணற்பலகையில் பிறந்த ஒரு முறை ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியையே எழுத்துக்கூட்டக் கற்றுத் தந்தது என்பதை நம் பள்ளிகளிலேயே இன்னும் பலர் அறியவில்லை.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-இல் காட்டியது. அநேகமாக எல்லாமே தாய்மொழியில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் நெல்லைச் சீமையில் பரப்பிய பள்ளிகளிலும் தமிழ் வாசிப்பே முதன்மை பெற்றது. 1835-இல் ஆங்கிலக் கல்வியை ஆதரித்து எழுந்த மெக்காலேயின் குறிப்பும் தலைமை ஆளுநர் பெண்டிங்கின் தீர்மானமும், 1841-இல் சென்னையில் திறந்த உயர்நிலைப் பள்ளியும், 1857-இல் நிறுவிய சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆங்கிலத்தைத் தேர்வின் மொழியாகவும் உத்தியோகத்தின் மொழியாகவும் ஆக்கின.

பல்கலைக்கழக நுழைவுக்கான மெட்ரிகுலேஷன் தேர்வுக் காலத்து வகுப்பு எப்படி நடந்தது என்பதைத் தமிழ் மரபறிந்தவர் எளிதில் ஊகிக்கலாம். நன்னூலுக்குப் பதவுரை, பொழிப்புரை, விசேட உரை சொல்லிப் பழகிய மண் இது. ஆங்கில உரைநடைக்கும் அதே மரியாதை கிடைத்தது. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைப் படிப்பார். அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதிப் போடுவார். பத்தியின் சாரத்தை வேறு சொற்களில் சொல்லுவார். மாணவர் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்வார். நுணுகிப் படிக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் தனியே எதிர்கொள்ளும் துணிவை அது தரவில்லை. அக்குறையை அன்று ஈடுகட்டியது வேறொன்று: வரலாறு, புவியியல், கணிதம் எல்லாமே ஆங்கிலப் புத்தகங்களில்தான் இருந்தன. படிக்க வேண்டிய பக்கங்களின் அளவே மாணவரை வாசகராக்கியது. அந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாரதியும் கடையமும்

அந்தச் சிலரில் ஒருவர் சுப்பிரமணிய பாரதி. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் 1894 முதல் 1897 வரை படித்தார். கடையத்துப் பெண்ணான செல்லம்மாளை மணந்ததும் அந்த 1897-இல்தான். பள்ளியில் பெற்ற ஆங்கிலக் கல்வியால் தந்தைக்குப் பொருள் நட்டம், தமக்குத் தீங்கு என்று பின்னாளில் சுயசரிதைக் கவிதையில் நொந்து பாடினார். ஆனாலும் தாமே தேடிப் படித்த ஆங்கிலத்தை அவர் விடவில்லை. ஷெல்லியிடம் கொண்ட பற்றால் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1904-இன் இறுதியில் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது, ஆங்கிலத் தந்திச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்குவது அவர் வேலையாயிற்று. தேர்வுக்காக அன்றி, மறுநாள் காலை தமிழ் வாசகர் கையில் செய்தி சேர வேண்டும் என்பதற்காக நடந்த வாசிப்பு அது. பாரதியின் ஆங்கிலம் பள்ளியில் விளைந்ததைவிட அந்த மேசையில் விளைந்ததே அதிகம் என்று துணிந்து சொல்லலாம். 1914-இல் ‘பொன்வால் நரி’யை ஆங்கிலத்திலேயே எழுதி அச்சிடும் அளவுக்கு அவர் கை தேர்ந்திருந்தது.

1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகிக் கடையத்துக்கு வந்த பாரதி, 1920-இன் இறுதியில் சென்னைக்குத் திரும்பும்வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். ஊரிலுள்ள சத்திரம் பாரதி மேல்நிலைப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாசிப்பே முதல் என்ற கொள்கை

பிரிட்டிஷ் இந்தியாவில் வாசிப்பைத் தனித் திறனாகப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட். இருமொழியம் பற்றி 1926-இல் வெளியான நூலில் அவர் வைத்த வாதம் எளிமையானது. பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். அரைகுறையாகக் கற்ற பேச்சு அவர்களுக்கு உதவாது. அரைகுறையாகக் கற்ற வாசிப்போ அந்த அளவுக்கு உதவும். ஆகவே வாசிப்பிலிருந்து தொடங்குங்கள் என்றார். அவருடைய ‘நியூ மெத்தட்’ வாசிப்பு நூல்களை லாங்மன்ஸ் வெளியிட்டது. புதிய சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, போதிய இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப வருமாறு அவற்றில் தூவியிருப்பார். அருஞ்சொற்பொருள் பட்டியல் இல்லாமலேயே மாணவர் கதையோடு போய்விடலாம்.

சொல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் இந்த ஆராய்ச்சி கீழை நாடுகள் சிலவற்றை ஒன்றாக இணைத்தது. ஜப்பானில் ஹரோல்டு பாமர், சீனத்தில் லாரன்ஸ் ஃபாசெட், வங்காளத்தில் வெஸ்ட் ஆகியோர் தனித்தனியே செய்துவந்த வேலையை 1934-இல் கார்னகி நிறுவனம் நியூயார்க்கில் கூட்டிய மாநாடு ஒருங்கே கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக 1953-இல் வெஸ்ட் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியல், ஆசியப் பள்ளிப் பாடநூல்கள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று.

தமிழ்வழியும் ‘மெட்ராஸ் பனிப்பந்தும்’

1930-களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளின் பாடமொழி தமிழுக்கு மாறத் தொடங்கியது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் போன்றோர் தாய்மொழிக் கல்விக்காக விடாமல் குரல் கொடுத்தனர். அந்த மாற்றம் நியாயமானது, வேண்டியது. அதற்குப் பின்னரே உயர்நிலைக் கல்வி பரவலாக ஊருக்குள் வந்தது. 1956-இல் காமராசர் அரசின் மதிய உணவும், கிராமந்தோறும் திறந்த பள்ளிகளும், கடையம் பகுதியில் பீடி சுற்றும் குடும்பங்களின் பிள்ளைகளை முதல் தலைமுறையாக வகுப்பில் உட்கார வைத்தன. ஆனால் ஒரு கணக்கை அன்று யாரும் போடவில்லை. நாள் முழுக்க ஆங்கிலப் பக்கங்களைப் புரட்டிய மாணவருக்குப் பதிலாக, நாளுக்கு ஒரு பீரியட் ஆங்கிலம் கேட்கும் மாணவர் வந்தார். குறைந்துபோன பக்கங்களை ஈடுகட்ட வகுப்பு நூலகமோ எளிய கதைப்புத்தகங்களோ வந்து சேரவில்லை. அதே பழைய பதவுரை முறை, மிகக் குறைந்த வாசிப்போடு தொடர்ந்தது.

1950-களில் சென்னை மாநிலம் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறைக்கு மாறியது. பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு 1959-இல் தொடங்கிய சென்னை ஆங்கிலக் கற்பித்தல் இயக்கம், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர முனைந்தது. பயிற்சி பெற்றவர் மற்றவருக்குப் பயிற்சி தர, அவர் இன்னும் பலருக்குத் தரும் ஏற்பாட்டால் அதற்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர் வந்தது. வாய்மொழிப் பயிற்சியே அதன் உயிர். வாயால் பழகிய வாக்கியத்தையே கண்ணால் படிக்க வேண்டும் என்பது விதி. ஊர்ப்புற ஆசிரியருக்கு உறுதியான ஒரு பாதையை அது தந்தது. வாசிப்பை மட்டும் பேச்சுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்தது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றபின், தமிழுக்கு அடுத்த ஒரே மொழியாக ஆங்கிலத்தின் பொறுப்பு இன்னும் கூடியது.

பிரபுவின் பரிசோதனை

இந்த வரலாற்றில் உலகம் திரும்பிப் பார்த்த கட்டம் ஒன்று உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்–மெட்ராஸ் திட்டம் அது. இலக்கணம் சொல்லிக்கொடுக்காமல், ஒரு சிக்கலைத் தீர்க்கும் வேலையை மாணவரிடம் கொடுத்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம், வகுப்புக் கால அட்டவணை போன்றவையே பாடம்.

கடையத்து மாணவருக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் பாதையில் அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, இராவணசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று நிலையங்கள் வரும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நேரப் பட்டியலைக் கையில் கொடுத்து, காலை பத்து மணிக்குத் தென்காசியில் நேர்முகத் தேர்வு இருக்கும் ஒருவர் ஆழ்வார்குறிச்சியில் எந்த வண்டி ஏற வேண்டும், அது தவறினால் என்ன செய்யலாம் என்று கேட்பது ஒரு பணி. முதலில் இதுபோன்ற ஒன்றை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து செய்து காட்டுவார். பிறகு அதேபோன்ற இன்னொன்றை மாணவர் தனியே செய்வார். விடை காண வேண்டுமென்றால் படித்தே ஆக வேண்டும். ஆசிரியர் பொழிப்புரை சொல்ல அங்கே இடமில்லை. வகுப்பில் ஏறக்குறைய பாதிப்பேர் பாதி விடையாவது சரியாகச் சொன்னால் அந்தப் பணியின் கடினம் அளவானது என்று பிரபு கணக்கு வைத்தார். 1987-இல் வெளிவந்த அவருடைய நூலை உலகெங்கும் மொழி ஆசிரியப் பயிற்சியில் இன்றும் படிக்கிறார்கள். தமிழகப் பொதுப் பாடத்திட்டமோ அதைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. கையருகே கிடைத்ததைக் கைநழுவ விட்டது பெரும் இழப்பு.

நான்-டீடெய்லும் நோட்ஸும்

1970-இல் தமிழ்நாடு பாடநூல் நிறுவனம் உருவானது. 1978-இல் மேல்நிலைக் கல்வி, அதாவது பிளஸ் டூ, வந்தது. வரிவரியாக நடத்துவது ஒரு பகுதி, மாணவர் தாமே விரைந்து படிப்பதற்கான ‘நான்-டீடெய்ல்’ கதைகள் இன்னொரு பகுதி என்ற பழைய பிரிவினை அப்படியே நீடித்தது. பாமர் வகுத்துச் சொன்ன ஆழ வாசிப்பு, அகல வாசிப்பு என்ற இரண்டுக்கும் ஈடானது இந்தப் பிரிவினை. ஏட்டளவில் நல்ல ஏற்பாடுதான். நடைமுறையிலோ, நான்-டீடெய்ல் கதையை ஆசிரியர் தமிழில் சொல்லி முடிப்பார். மாணவர் நோட்ஸில் உள்ள கட்டுரையை உருப்போடுவார். கதையின் ஆங்கிலப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்காமலேயே தேர்ச்சி பெறுவார். இதில் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. கேள்வித்தாள் எதைக் கேட்டதோ அதற்கே அவர் தயாரானார்.

இக்காலம்

2007-ஐ ஒட்டி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் கையில் அட்டையைக் கொடுத்துத் தன் வேகத்தில் படிக்கவிட்டது. 2010-இன் சமச்சீர் கல்விச் சட்டம் பாடநூலை ஒன்றாக்கியது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. 2018 முதல் வந்த புதிய நூல்கள் பார்வைக்கும் உள்ளடக்கத்துக்கும் பெரிய முன்னேற்றம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் சீனத்து வீராங்கனை முலானின் கதையையும், பெற்ற தாயை மலையில் விட்டுவர மனமில்லாத மகனின் ஜப்பானியக் கதையையும் கடையத்துப் பிள்ளை படிக்கலாம்.

தேர்வில் மாற்றம் மெதுவாகவே வருகிறது. பத்தாம் வகுப்புத் தாளில் வழி காட்டும் படத்தைப் பார்த்து எழுதும் வினா இருக்கிறது. பிரபுவின் பணிகளோடு உறவுடையது அது. முன்பின் காணாத பத்தியும் வருகிறது. ஆயினும் பெரும்பகுதி நடத்திய பாடத்திலிருந்தே. சீனத்தில் நிலைமை வேறு. அங்கே 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. மேல்நிலை மாணவரிடம் சுமார் 3,000 சொற்களை எதிர்பார்க்கிறார்கள். கல்லூரி நுழைவுக்கான ‘காவ்காவ்’ தேர்வின் புதிய ஆங்கிலத் தாளில் 150-க்கு 50 மதிப்பெண் வாசிப்புக்கே. அந்தப் பத்திகள் எதுவும் பாடநூலில் இருப்பவை அல்ல. அத்தேர்வின் நெருக்கடி நமக்கு வேண்டாம். பாராத பக்கத்தைப் படிக்கச் சொல்லும் அந்த ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம்.

கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் மாணவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. எழுத்துக்கூட்டவே தடுமாறியபடி மேல் வகுப்புக்கு வந்துவிட்டவர்களுக்காக 2025-26-இல் ‘திறன்’ திட்டம் 6 முதல் 9 வகுப்புகளுக்கு வந்துள்ளது. எட்டாம் வகுப்பில் இருக்கும் ஒருவருக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துவதற்கு முன், அவரால் ஒரு வரியைத் தாமே படிக்க முடிகிறதா என்று அரசே சோதித்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

வாசிப்பின் அளவுக் குறை மட்டும் இன்னும் தீரவில்லை. பத்தாம் வகுப்பு நூலில் ஏழு அலகுகள். அலகுக்கு ஒரு துணைப்பாடக் கதை. மாத்திரை அட்டையிலும் சோப்பு உறையிலும் தவிர ஆங்கில அச்சு நுழையாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, ஓராண்டில் தானே படிக்கக் கிடைக்கும் ஆங்கிலக் கதைகள் பெரும்பாலும் அந்த ஏழுதான். வெஸ்ட் தம் மாணவருக்காக எழுதிக் குவித்த எளிய நூல்களைப் போல, நூறு நூற்றைம்பது மெல்லிய கதைப்புத்தகங்கள் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும், பூட்டிய பீரோவில் கிடக்காமல் வகுப்பறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு பீரியட் ஆசிரியர் பேசாமலிருந்து மாணவர் படிக்க வேண்டும்.