கார்த்திகைக்குப் பின் மழை உண்டு

திருவண்ணாமலையில குளிர்காலம் எப்ப ஆரம்பிக்குதுன்னு கேட்டா எங்க ஆயாகிட்ட பதில் ரெடியா இருக்கும். தீபம் ஏத்தின மறுநாள் காலையில! அன்னிக்கு குடை பரண் மேல ஏறிடும், கம்பளி கீழ எறங்கிடும். "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை"ன்னு பழமொழி வேற. அதுக்கு மேல வானிலை அறிக்கை எதுக்கு? :-)

எங்க ஊர்க் குளிர் ஒண்ணும் ஊட்டிக் குளிர் இல்லீங்க. தை மாச விடியக்காலையில 18 டிகிரி பக்கம் போனாலே மங்கி குல்லாவோட டீக்கடையில நிப்போம். வருஷம் பூரா வெயில்ல வேகுற ஊருக்கு அதுவே பெருசு. மேகம் கலைஞ்சு வானம் வெளுத்துட்டா, ராத்திரியில தரையோட சூடு தடையில்லாம மேல போயிடும். தரை ஆறும், பனி இறங்கும். ஆக, மழை விட்டாத்தான் குளிர். ஆயா கணக்கு அதுதான்.

ஆனா பழந்தமிழர் கணக்கு வேற. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். அப்புறம்தான் முன்பனி, பின்பனி. கூதிர்னாலே குளிர்தான். நாம மழைக்காலம்னு சொல்ற அதே ரெண்டு மாசத்தை அவங்க குளிர்காலம்னு எழுதி வச்சிருக்காங்க. முதல்ல நனைஞ்ச குளிர், அப்புறம் காஞ்ச குளிர். ஈரச்சுவர் வீட்டுல ஐப்பசி மாசம் படுத்தவங்களுக்கு இது புரியும்.

அப்போ ஆயாவோட பழமொழி எங்கேர்ந்து வந்துச்சு? அகநானூறு 141ஆம் பாட்டுல கார்த்திகை விளக்கு வருது. மழை நீங்கின வானத்துல முழு நிலாவும் கார்த்திகை மீனும் சேர்ற ராத்திரி, தெருவெல்லாம் விளக்கு. ஆக இந்த நம்பிக்கைக்கு வயசு சுமார் ரெண்டாயிரம்.

இங்கதான் எனக்கு ஒரு குடைச்சல். நட்சத்திரத்தை வச்சுக் கணிக்கிற நாள் எல்லாம், பருவத்தோட ஒப்பிட்டா சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பின்னால தள்ளிக்கிட்டே போகும். பூமியோட அச்சு மெதுவா தலையாட்டுறதால வர்ற கோளாறு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு ஏறக்குறைய நாலு வாரம். இப்ப நவம்பர் கடைசியிலயோ டிசம்பர்லயோ வர்ற தீபம், அந்தக் காலத்துல இன்னைய கணக்குக்கு அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதியில வந்திருக்கணும். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்குற நேரமாச்சே அது! அப்ப மழை நீங்கின வானம் எங்கேர்ந்து? நடுவுல ஒரு ராத்திரி வெளுத்திருக்கலாம். இல்லேன்னா, பிரிஞ்சு போனவன் விழாவுக்காவது வந்துட மாட்டானான்னு ஏங்குற பொண்ணோட பாட்டு அது. வானத்தையும் அவ ஆசைக்கு ஏத்த மாதிரி பார்த்திருக்கலாம். எனக்கென்னவோ ரெண்டாவதுதான் சரின்னு படுது.

இன்னொண்ணு. தீபம் இப்படி தள்ளித் தள்ளி வந்தா, பழமொழி நாளாக நாளாக நிஜமாகணும் இல்லையா? ஆகலையே. தனுஷ்கோடியை கடல் கொண்டு போன 1964 புயல் மார்கழியில வந்தது. 2011ல தானே புயல் டிசம்பர் 30 அன்னிக்கு கரையேறி, கடலூர்ப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்ச்சிட்டுப் போச்சு. அந்த வருஷம் தீபம் டிசம்பர் 8. 2015ல தீபம் நவம்பர் 25, சென்னை முங்கினது டிசம்பர் 1க்கு அப்புறம். 2016 இன்னும் மோசம், தீபத்தன்னிக்கே வர்தா.

இதெல்லாம் அடுத்த ஊர்க் கதைன்னு இருந்தோம். 2024ல எங்க ஊருக்கே வந்துச்சு. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராம அங்கேயே உக்காந்துக்கிச்சு. டிசம்பர் 1 சாயங்காலம், மலையடிவாரத்துல வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு வீட்டு மேல விழுந்தது. ஏழு பேர். அதுல அஞ்சு பேர் குழந்தைங்க.

அன்னிக்கு தீபத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருந்துச்சு, அதனால பழமொழி மேல பழி போட முடியாதுதான். ஆனா சிவனே மலையா நிக்கிறார்னு நம்புற ஊர் எங்களோடது. மலை உருண்டு நம்ம மேல வரும்னு யாருக்குங்க தோணும்?

டிசம்பர் 13ஆம் தேதி தீபம். மண் இளகிப் போச்சுன்னு பக்தர்களை மலையேற விடல. கொப்பரையும் நெய்யும் சுமந்துட்டுப் போன ஆளுங்க மட்டும் மேல. 2668 அடி உசரத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல ஏத்தினாங்க. நாங்க கீழேர்ந்து கன்னத்துல போட்டுக்கிட்டோம். என் கண்ணு தீபத்தைப் பார்த்துட்டு, தன்னால கீழ இறங்கி அந்தச் சரிவைத் தேடிச்சு.

ஆயா இப்ப இல்ல. கம்பளி தீபத்துக்கு மறுநாளே எறங்கிடுது. குடை மட்டும் பொங்கல் வரைக்கும் கதவுக்குப் பின்னாடியே தொங்குது.