வீடமைப்புச் சங்கங்களின் விதிபரிபாலனம் (மாத்தளை மாவட்டம்)

ஒரு குடியிருப்பில் வாழ்வோர் தம் வீடுகளுக்குப் பொதுவாயுள்ள வழி, நீர், வடிகால், மைதானம் முதலியவற்றைப் பேணுதற்பொருட்டுக் கூடி அமைத்த சங்கம், தான் வகுத்த விதிகளைத் தானே நிறைவேற்றாது விடுமிடத்து எழும் பிரச்சினைகளும், அப்போது உறுப்பினர் நாடத்தக்க பரிகாரங்களும் இத்தலைப்பின்கண் அடங்கும். மேனாடுகளில் இத்தகைய சங்கத்தின் அதிகாரம் வீட்டு உறுதியிலேயே எழுதப்பட்டு, வீட்டை வாங்குபவன் விரும்பினும் விரும்பாவிடினும் அவனைப் பற்றிக்கொள்வது. மாத்தளையிலோ, பெரும்பாலான தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டுக்கு உறுதி என்று ஒன்று இருந்ததே இல்லையாதலால், விதியை நிறைவேற்றவேண்டியவர் யார் என்னும் வினாவே இங்கு முதல் வினாவாகிறது.

இம்மாவட்டத்து வயற்கிராமங்களில் அவ்வினாவுக்குப் பழங்காலத்தில் தெளிவான விடை இருந்தது. குளத்துக் கரையைக் கட்டுவது, வாய்க்காலைத் துப்புரவாக்குவது, வேலி அடைப்பது என்பன ஒவ்வொரு பங்குக்காரனுக்கும் அளந்து விதிக்கப்பட்ட கடமைகளாயிருந்தன. தவறியவனைக் கிராமத்தவர் கூடும் கம்சபாவ விசாரித்தது. 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை ஒழிக்கப்பட்டபோது, அதனோடு பிணைந்திருந்த இக்கிராமக் கட்டுப்பாடும் தளர்ந்து, ஒருவன் வராமையைக் கண்டு மற்றவனும் வராதொழிய, வாய்க்கால்கள் தூர்ந்தன. விதி இருந்தும் நிறைவேற்றுவார் இல்லாத நிலைக்கு இதனினும் தெளிவான சரித்திர சாட்சியத்தை இலங்கையில் காண்பது அரிது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நீர்ப்பாசனம் பற்றிய பண்டைய வழக்கங்களுக்குச் சட்டபலம் கொடுத்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச்சட்டம் கம்சபாவைப் புதிய உருவில் மீட்டது. நீரைப் பங்கிட்டு ஒழுங்கு காத்த வெல் விதானையின் பதவி 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு மறைந்தது. இன்று தம்புள்ளை, கலேவெல, வில்கமுவப் பகுதிகளில் அக்கடமை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமக்காரர் அமைப்புகளைச் சார்ந்துள்ளது.

எல்கடுவ, இரத்தோட்டை, உக்குவளை, கந்தேநுவர முதலிய மலைச்சாரற் பகுதிகளில் கதை வேறு. கோப்பித் தோட்டங்களுக்கென மன்னாரிலிருந்து வடபாதை வழியாக நடந்துவந்த தமிழ்த் தொழிலாளருக்கு அமைக்கப்பட்ட, ஒரே கூரையின்கீழ் வரிசையான காம்பராக்களை (அறைகளை) உடைய லயங்கள், பின்னர்த் தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களின் குடியிருப்பாகவும் நீடித்தன. லயத்துக் காம்பராவுக்கும் விதி உண்டு, ஆனால் அது தோட்ட நிர்வாகியான துரையின் விதி. வாசல்கூட்டி காலையில் கானைக் கூட்டுவதும், எந்தக் குடும்பத்துக்கு எந்தக் காம்பரா என்பதும் தோட்டத்து அலுவலகத்திலேயே தீர்மானமாயின. குடியிருப்பவன் தன் அயலானை நோக்கி, 'இது நம் விதி' என்று சொல்லும் நிலை அங்கு உருவாக இடமில்லை. அதைக் கற்பிக்கக்கூடியதாயிருந்த கிராமச் சபையின் வாசலும் அடைக்கப்பட்டது: 1937ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச்சட்டம் தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளருக்கு வாக்குரிமையை மறுத்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் அங்கத்தினராகவே ஏற்கவில்லை. 1937க்கு ஐம்பதாண்டு கழிந்தபின் வந்த 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும், அதன் 33ஆம் பிரிவின் வரையறையினால், தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்று, 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்டத்துச் சங்கங்கள் விதிபரிபாலனத்தில் வலுவற்றிருப்பதை அம்மக்களின் சுபாவமாகக் கூறுவோர் இவ்வாண்டுகளை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நலம்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளுக்கு மாறியபோது, வீடமைப்பையும் நலன்புரியையும் கவனிப்பதற்கென அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு ஸ்தாபனம் தோன்றியது; 2002 முதல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்குவது அதுவே. தோட்டந்தோறும் வீடமைப்புக் கடனைப் பெற்றுப் பங்கிட்டு அறவிடும் பொருட்டு, 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவான தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்கு மாத்தளையில் மிக அண்மையில் வருவது இதுவே.

இச்சங்கத்தின் வலிமையும் வலியின்மையும் ஒரே இடத்தில் தெரியும். கடன் தவணை செக்ரோல் என்னும் தோட்டச் சம்பளப் பதிவேட்டில், சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. ஆகவே அவ்விதி தவறுவதில்லை. கானை மறிக்கலாகாது என்னும் விதிக்கோ செக்ரோலில் பத்தி கிடையாது. மலைச்சரிவில் படிப்படியாக நிற்கும் வீட்டு வரிசை ஒன்றை மனத்திற் கொள்க. மேல்வரிசையில் ஒருவர் பின்புறம் குசினியை நீட்டுகிறார். இரண்டு தகரமும் நான்கு கம்பமுமாகத் தொடங்கியது, அடுத்த தீபாவளிக்குள் கல்லுச் சுவராகிவிடுகிறது. சுவரின் அடியில் கான். ஐப்பசி மழையில் நீர் வழிதேடிக் கீழ்வரிசையின் பின்சுவரில் ஏறி, உள்ளே அரிசிச் சாக்கு வைத்த மூலையில் பச்சையாய்ப் பூத்து நிற்கிறது. கீழ்வீட்டார் சங்கத்தில் சொல்கின்றனர். காரியதரிசி மேல்வீட்டாரின் சம்பந்தி. தலைவரோ வேறொரு தொழிற்சங்கத்தவர், தாம் தலையிட்டால் கட்சி விஷயமாகிவிடும் என்று ஒதுங்குகிறார். 'நாளைக்கும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணுமே' என்ற ஒரு சொல்லோடு கூட்டம் கலைந்துவிடுகிறது.

அதே மக்கள் அதே தோட்டத்தில் கோயில் கமிட்டியை நடத்தும் திறன் வேறுவகையானது. திருவிழா வரி கொடாதவனுக்குக் காளாஞ்சி என்னும் கோயில் மரியாதை இல்லை, கரகம் தூக்கும் முறையில் இடமில்லை. இதற்கு நீதவான் வேண்டியதில்லை. மாத்தளை நகரத்து முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியைக் கண்டவர், இம்மக்களின் கட்டுப்பாட்டை ஐயுறமாட்டார். மரியாதையை நிறுத்திவைக்கும் உரிமை கோயில் கமிட்டிக்கு உண்டு. வீடமைப்புச் சங்கத்தின் கையில் நிறுத்திவைக்க யாதொன்றும் இல்லை என்பதே எமது அபிப்பிராயத்தில் வேறுபாட்டின் மூலகாரணம்.

பரிகாரங்களை நாடுவோர் முதலில் ஆராயவேண்டியது, மீறப்பட்ட விதி யாருடையது என்பதே. அது பதிவான சங்கத்தின் துணைவிதியாயின், முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, அது கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதியப்பட்டதா என்று பார்த்து, பொதுச்சபையில் பிரஸ்தாபிக்க வேண்டும். நிர்வாகசபை அசையாவிடின், மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளருக்குச் சங்கத்தை விசாரிக்கவும், கடமை தவறிய நிர்வாகசபையைக் கலைக்கவும், உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையிலான பிணக்கை மத்தியஸ்தத்துக்கு விடவும் அதிகாரம் உண்டு. வாய்வார்த்தையாகச் சொன்ன குறையால் இவற்றுள் ஒன்றையும் இயக்கமுடியாது. சங்கம் பதிவற்ற நலன்புரிச் சங்கமாயின் இவ்வழி முழுவதும் அடைபட்டு, 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையே அயலார் இருவர்க்கும் இசைவான இடமாகும். அங்கு தண்டனை இல்லை, உடன்பாடே உண்டு.

சங்கத்தை முற்றாக விட்டு நேரே செல்லும் வழிகளும் உள. தேங்கிய நீர் நுளம்புக்கு இடமாயின், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கலாம். அவர் எழுதும் அறிவித்தலுக்குச் சம்பந்தி என்றும் சங்கம் என்றும் பேதமில்லை. பொதுத்தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிப்பதற்கு 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இடமளிக்கிறது. மழைநீர் மண்ணுள் இறங்கிச் சரிவு அசையக்கூடும் என்ற அச்சமிருப்பின் கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அழைப்பது காலதாமதத்துக்கு உரியதன்று. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று.

தொடர்மாடி வீடுகள் இம்மாவட்டத்தில் சிலவே. அவற்றுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டமும், 2003இல் மறுபெயர் பெற்ற கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையும் உண்டு; அங்கு சொந்தக்காரர் அனைவரும் சட்டத்தாலேயே ஒரு முகாமைக் கூட்டுத்தாபனமாகின்றனராதலால், விதி யாருடையது என்ற வினா எழுவதில்லை.

2015க்குப் பின் தோட்டங்களில் எழுந்த தனிவீடுகளிற் பல 7 பேர்ச்சஸ் நிலத்தோடு வழங்கப்பட்டவை. லயத்துக்கு ஒரு கூரை, ஒரு கான், ஒரு பீலி. தனிவீட்டுக்கு நான்கு எல்லை. வேலிக் கதியாலை ஓரடி தள்ளி நட்டவனைப் பற்றிய முறைப்பாடு லயத்தில் கேட்டறியாதது. புதிய குடியிருப்புகளின் சங்கக் கூட்டங்களில் அதற்கு விடை சொல்ல, கானுக்கு இருந்த பழைய விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.