வலி வருமுன் காத்தல்: ரமணாசிரம அறுவையும் வாய் அறுவை மருத்துவ வரலாறும்

முன்னுரை

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் 1949ஆம் ஆண்டு ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவை நிகழ்ந்தது. கையை அகற்றலாம் என்ற மருத்துவர்களின் கருத்தை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14இல் மறைந்தார். ஆசிரம நினைவுக்குறிப்புகள் இதனை வலியைப் பொறுத்த வரலாறாகப் போற்றுகின்றன. ஆயினும் ஞானியின் பொறுமையை நோயாளர் அனைவருக்கும் உரிய நெறியாகக் கொள்ள மருத்துவ வரலாறு இடந்தரவில்லை. அறுவைக்கு முன்பே வலியைத் தணிக்கும் சிந்தனை வளர்ந்த விதத்தை வாய் அறுவையின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அறுக்கும்போது எழும் வலி

அறுவைக்கு முன் நோயாளிக்கு உணவும், மதுப்பழக்கம் உடையவருக்கு மதுவும் தரவேண்டும் என்கிறது சுசுருத சம்கிதை. உண்டவர் மூர்ச்சையடையார், மதுவுண்டவர் கத்தியின் வலியை உணரார் என்பது அதன் விளக்கம். வாய்நோய்களுக்கோ உண்ணாத நிலையிலேயே அறுவை செய்ய வேண்டும் என விலக்களிக்கிறது. 1844இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்சைடை நுகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846இல் மற்றொரு பல் மருத்துவரான வில்லியம் மார்ட்டன் பாஸ்டன் நகரில் ஈதரின் பயனை மெய்ப்பித்தார். இம்முயற்சிகள் யாவும் அறுக்கும் நேரத்து வலியையே கருதின.

அறுவைக்குப் பின் வரும் வலி

வலியுணர்வு மூளையை எட்டுமுன் நரம்பிலேயே தடுக்க வேண்டும் என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் வலியுறுத்தினார். அறுபட்ட திசுவில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் நரம்பு முனைகளைக் கூருணர்வடையச் செய்கிறது. ஆஸ்பிரின் இச்சுரப்பைத் தடுப்பதை 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார். ஞானப்பல் அகற்றுமுன் ஐபுபுரூஃபன் கொடுத்தால் பின்வலி தாமதமாகத் தொடங்குவதை 1978இல் டையோன், கூப்பர் ஆகியோரின் ஆய்வு காட்டியது. மரத்துப்போகும் ஊசியின் பயன் தீருமுன் மாத்திரை செயற்படத் தொடங்கிவிடுவதே இதன் அடிப்படை. காயத்தின் தூண்டுதலால் தண்டுவடமும் கூருணர்வடைவதை 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் நிறுவினார். எனினும், மருந்தை முன்னதாகக் கொடுப்பது மட்டுமே பெரும்பயன் தருவதில்லை என்பதை 2002இல் வெளிவந்த தொகுப்பாய்வு உணர்த்தியது. அதனால் அழற்சி தணியும்வரை வலிதணிப்பைத் தொடர்வதே இன்று வலியுறுத்தப்படுகிறது.

முடிவுரை

அறுக்கும் நேரத்தைக் கடத்துவதில் தொடங்கிய மருத்துவம், பின்வரும் நாள்களையும் காக்கும் பொறுப்பை ஏற்றுள்ளது. இவ்விரு கட்டங்களிலும் வாய் அறுவையே முதன்மையான சோதனைக்களமாக விளங்கியது. தன் உடலுக்குரிய மருத்துவத்தை ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை என்பதற்கு ரமணரின் மறுப்பு சான்றாகும். வலிதணிப்பைக் கேட்பதும் அவ்வுரிமையுள் அடங்கும். பொறுத்துக்கொள்ளுமாறு நோயாளிக்கு அறிவுறுத்துவது மருத்துவக் கடமையை நிறைவேற்றியதாகாது.