அபர்வான் 1966: ஊருக்குத் தெரிந்த ஊற்று

வேல்ஸ் மக்களின் அரசியல் வரலாற்றில் 1966 ஒரு வெற்றியின் ஆண்டு. அந்த ஜூலை 14 அன்று கார்மார்தன் இடைத்தேர்தலில் குவின்ஃபோர் எவன்ஸ் வென்று, வெல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். செப்டம்பரில் இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலம் திறக்கப்பட்டது. ஆனாலும், அந்த ஆண்டைச் சொன்னால் வயதான ஒரு வெல்ஷ்காரருக்கு நினைவு வருவது இந்த இரண்டும் அல்ல. ஒரு சின்ன ஊரின் பெயர்தான் வரும்: அபர்வான். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ‘அபர்ஃபான்’ என்று படிக்கத் தோன்றும். வெல்ஷ் மொழியில் அந்த எழுத்துக்கு ‘வ’ ஒலி. இறந்தவர்களின் ஊர்ப் பெயரையாவது அவர்கள் சொன்னபடி சொல்வோம்.

மெர்தர் டிட்ஃபில் நகருக்குத் தெற்கே, டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது அபர்வான். ஆண்கள் பெரும்பாலும் மெர்தர் வேல் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். நிலக்கரி வெட்டினால் கூடவே பாறையும் மண்ணும் வரும். கரியைக் கழுவிப் பிரித்தபின் ஈரச் சேறும் மிஞ்சும். இதையெல்லாம் சுரங்க நிர்வாகம் ஊருக்கு மேலேயிருந்த மலைச்சரிவில் கொட்டி வந்தது. ஒரு மேடு நிறைந்தால் அடுத்தது. 1958-இல் தொடங்கிய ஏழாவது மேடு ஓர் ஊற்றின் மேலேயே எழுந்தது. அதற்கு நேர் கீழே பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளி.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அன்று மதியத்தோடு இடைப்பருவ விடுமுறை தொடங்க இருந்தது. காலை ஒன்பதேகால் மணி அளவில் பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பல நாள் மழையில் ஊறிய ஏழாவது மேடு அப்போது சரிந்தது. கரும்சேறு வழியிலிருந்த ஒரு பண்ணை வீட்டை அழித்து, பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. தாய்மார்கள் வெறும் கையால் சேற்றைத் தோண்டினார்கள். செய்தி கேட்டுச் சுரங்கத்திலிருந்து மேலே வந்த தொழிலாளர்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். அவ்வப்போது ஊதல் ஒலிக்கும், எல்லோரும் அசையாமல் நிற்பார்கள், இடிபாட்டுக்குள்ளிருந்து ஏதாவது குரல் கேட்கிறதா என்று. பதினொரு மணிக்குப் பிறகு ஒருவர்கூட உயிரோடு கிடைக்கவில்லை. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள்.

மரண விசாரணையில் பெயர்களை வாசித்து, இறப்புக்குக் காரணம் மூச்சுத்திணறல் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பிள்ளையை இழந்த ஒரு தந்தை எழுந்து, அப்படி எழுதாதீர்கள், தேசிய நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று எழுதுங்கள் என்றார்.

அந்த வாரியத்தின் தலைவர் ராபென்ஸ் பிரபு. செய்தி கிடைத்த பிறகும் அவர் அபர்வானுக்கு வரவில்லை. சர்ரே பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பதவியேற்கப் போய்விட்டு, மறுநாள் மாலைதான் வந்தார். இதற்கிடையில், தலைவர் நேரில் நின்று மீட்புப் பணியை நடத்துகிறார் என்று வாரிய அதிகாரிகள் அமைச்சருக்குத் தகவல் கொடுத்திருந்தார்கள். வந்தவர் தொலைக்காட்சியிடம் சொன்ன விளக்கம்: மலைக்குள் யாருக்கும் தெரியாத இயற்கை ஊற்று ஒன்று இருந்தது, அதுதான் காரணம்.

இந்த ‘யாருக்கும்’ என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள், நண்பர்களே. அந்த ஊற்றுகள் அரசாங்கத்தின் நில அளவை வரைபடத்திலேயே இருந்தன. ஊர் மக்களுக்கும் அவை தெரியும். கழிவு மேட்டிலிருந்து கருந்தண்ணீர் இறங்கிப் பள்ளிப் பக்கம் வெள்ளமாக நிற்பதை ஆண்டுதோறும் பார்த்தவர்கள் அவர்கள். 1963-இலேயே நகராட்சிப் பொறியாளர் ஒருவர், பள்ளிக்குப் பின்னால் கொட்டப்படும் சேற்றினால் வரக்கூடிய ஆபத்தைத் தலைப்பிலேயே குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார். 1965 ஜனவரியில் தாய்மார்கள் இந்த வெள்ளத்தைப் பற்றி மனு எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தார்கள். அவர் அதை மேலே அனுப்பினார். அடுத்த ஆண்டு அந்தத் தலைமை ஆசிரியையும் சேற்றுக்குள் இறந்துபோனார்.

மனு எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பாதி. ‘பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு வீட்டில் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் மனு நகல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அபர்வான் தாய்மார்களின் மனுவைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அந்த நகல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. ஊற்று இருப்பது ஊருக்குத் தெரியும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது, வாரியத்தின் கணக்கில் ‘தெரிந்தது’ ஆகவில்லை.

அப்படியானால் ஊர் ஏன் தெருவில் இறங்கவில்லை? இந்தக் கேள்வியை மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதற்குக் கசப்பான ஒரு பதில் விசாரணையிலேயே வந்தது. அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எஸ். ஓ. டேவிஸ், முதிய இடதுசாரி. மேடு சரியலாம் என்ற சந்தேகம் தனக்கு முன்பே இருந்தது, ஆனால் அதைப் பெரிதாக்கினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றார். ஆபத்தின் அளவை அவர் உண்மையிலேயே உணர்ந்திருந்தாரா என்று தீர்ப்பாயம் ஐயப்பட்டது. எனக்கு அவர் சொன்ன பயம் புரிகிறது. பல சுரங்கங்கள் மூடப்பட்டு வந்த காலம் அது. தலைக்கு மேலிருந்த மேடும் அடுப்பில் எரிந்த நெருப்பும் ஒரே சுரங்கத்திலிருந்து வந்தன.

நாம் தயங்காமல் பேச வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. அந்தச் சுரங்கம் தனியார் முதலாளியுடையது அல்ல. 1947-இல் நிலக்கரித் தொழில் தேசியமயமானபோது சுரங்கத் தொழிலாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். இனி இது மக்களின் சார்பில் நடத்தப்படும் என்று சுரங்க வாசல்களில் பலகை வைத்தார்கள். முதலாளி போனார், ஆனால் கழிவை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்யும் மேசைக்கு அபர்வான்காரர் யாரும் வந்து சேரவில்லை.

விசாரணைத் தீர்ப்பாயத்துக்குத் தலைமை ஏற்ற நீதிபதி எட்மண்ட் டேவிஸ், பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். 76 நாள் விசாரணை, 136 சாட்சிகள். வாரியம் கடைசிவரை இழுத்தடித்துவிட்டு, முடியும் தறுவாயில்தான் ராபென்ஸ் வாயால் தவறை ஒப்புக்கொண்டது. 1967 ஆகஸ்டில் வந்த அறிக்கை, பழி முழுக்க வாரியத்தையே சேரும் என்றது. ஒன்பது ஊழியர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கழிவு மேடுகளின் பாதுகாப்புக்கு வாரியத்திடம் எந்தக் கொள்கையும் இல்லை என்றும், நடந்தது தீய நோக்கத்தால் அல்ல, அறியாமையாலும் திறமையின்மையாலும் என்றும் எழுதியது. இந்தக் கடைசி வரியை நான் மறுக்கவில்லை. தீய நோக்கம் இருந்திருந்தால் யாராவது ஒருவர் அந்தப் பள்ளியை நினைத்தாவது பார்த்திருப்பார்.

யாருக்கும் வேலை போகவில்லை. யார் மீதும் வழக்கு இல்லை. ராபென்ஸ் பதவி விலக முன்வந்தார், அரசு ஏற்கவில்லை. 1971 வரை தலைவராக இருந்தார். அது மட்டுமல்ல, 1970-இல் பணியிடப் பாதுகாப்பு பற்றி ஆராய பிரிட்டன் அரசு அமைத்த குழுவுக்கும் அவரையே தலைவராக்கினார்கள்.

இந்த மேடு லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டுக்கோ ஈட்டன் பள்ளிக்கோ மேலே இருந்திருந்தால் அரசு இப்படி நடந்திருக்குமா என்று குவின்ஃபோர் எவன்ஸ் கேட்டார். அடுத்து நடந்தவை அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கின.

குழந்தை ஒன்றுக்கு வாரியம் முதலில் பேசிய தொகை 50 பவுண்டு. பிறகு 500. உலகெங்கிலுமிருந்து சாதாரண மனிதர்கள் அனுப்பிய பணம் துயர் நிதியாகச் சேர்ந்தது. கிட்டத்தட்ட 90,000 பங்களிப்புகள், சுமார் பதினேழரை லட்சம் பவுண்டு. பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு அதிலிருந்து ஆளுக்கு 5,000 பவுண்டு கொடுக்க நிதிக்குழு முடிவு செய்தபோது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் குறுக்கே வந்தது. பெற்றோர் அந்தக் குழந்தையோடு உண்மையிலேயே நெருக்கமாக இருந்தார்களா, அதனால் மனத்துயரில் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு குடும்பமாக விசாரித்துவிட்டுக் கொடுங்கள் என்றது. துயரத்துக்கும் சான்றிதழ்!

மலைமேல் மிச்சமிருந்த மேடுகள் அப்படியே நின்றன. பிழைத்த பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர வேண்டும். அகற்றுங்கள் என்று ஊர் கேட்டது. ஆபத்து இல்லை, செலவு அதிகம் என்றார்கள். 1968-இல் அபர்வான் மக்கள் அந்தக் கழிவையே பைகளில் அள்ளிக்கொண்டு கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அமைச்சகத்துக்குப் போய், உள்ளே கொட்டினார்கள். அதற்குப் பிறகே அரசு இறங்கி வந்தது. அப்போதும் செலவில் ஒரு பங்கைத் துயர் நிதியிலிருந்து தர வேண்டும் என்றது. முதலில் இரண்டரை லட்சம் பவுண்டு கேட்டு, பிறகு ஒன்றரை லட்சத்துக்கு இறங்கியது. தங்கள் பிள்ளைகளைக் கொன்ற கழிவை அள்ளுவதற்கு, அந்தப் பிள்ளைகளின் பெயரில் வந்த பணத்திலிருந்தே கொடுத்தார்கள். 1969-இல் கழிவு மேடுகளின் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் வந்தது.

மெர்தர் வேல் சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. 1997-இல் வேல்ஸ் துறை அமைச்சரான ரான் டேவிஸ் அந்த ஒன்றரை லட்சம் பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார். வட்டி இல்லை, பணவீக்கக் கணக்கும் இல்லை. 1999-இல் வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் அமைந்தது. அந்த வெல்ஷ் அரசு 2007-இல் அபர்வான் நினைவு அறக்கட்டளைக்கு 15 லட்சம் பவுண்டு கொடுத்தது. அதற்குள், மேட்டை அகற்றச் சொல்லி கார்டிஃபுக்குப் போன பெற்றோர்களில் பலர், பிள்ளைகள் வரிசையாகப் புதைக்கப்பட்ட அதே மலைச்சரிவுக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.