தாளும் தாளிடுதலும்

2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ஒரு பெயர் மாறியது. முந்தைய ஆண்டுதான் ‘புட் யூசர் பேஜ்’ என்ற பெயரில் ஒரு சிறிய செயல்கூறு உள்ளே வந்திருந்தது. அதை எடுத்துவிட்டு ‘அன்-பின் யூசர் பேஜ்’ என்று எழுதினார்கள். அதற்கு இணையாகப் ‘பின் யூசர் பேஜஸ்’ என்ற பெயரும் பிறந்தது. என்விடியா நிறுவனத்தின் ஜான் ஹப்பர்டு எழுதிய திருத்தங்கள் அவை. செய்யும் வேலை அன்றைக்கு ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. பெயர் மட்டும் மாறியது. அதற்காகக் கெர்னலின் பல மூலைகளைத் தொட்டுத் திருத்தினார்கள்.

சொல்லை நேசிப்பவனுக்கு இது சின்னச் செய்தி அல்ல. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவந்த ஒரு நிரலில், ‘கையில் எடுத்தல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் மறைந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுக்கப் ‘பின்’ என்ற ஓர் ஆணியின் பெயர் வேண்டியிருந்தது.

முதலில் ‘பேஜ்’. கணினியின் நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றையும் பேஜ் என்று அழைக்கும் வழக்கம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வேர்விட்டது. டாம் கில்பர்ன் தலைமையில் பல்கலைக்கழகமும் ஃபெராண்டி நிறுவனமும் சேர்ந்து கட்டிய அட்லஸ் கணினி 1962 டிசம்பர் 7 அன்று முறைப்படி இயங்கத் தொடங்கியது. அதன் விரைவு நினைவகத்தில் 16,384 சொற்களுக்கு இடம் இருந்தது. 512 சொற்கள் ஒரு பேஜ். ஆக மொத்தம் 32 பேஜ். மீதித் தரவெல்லாம் சுழலும் காந்த உருளையில் இருந்தது. வேண்டிய பேஜை உருளையிலிருந்து இறக்குவதும் வேண்டாததைத் திருப்பி அனுப்புவதும் இயந்திரத்தின் பொறுப்பு. நிரல் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே நினைவகமாகத் தெரியும்.

அந்த 32 இடங்களுக்கும் ஒவ்வொரு முகவரிப் பதிவகம் உண்டு. அதில் ஓர் இலக்கம் பூட்டுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. உருளைக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒரு பேஜ் போய்வந்துகொண்டிருக்கும்போது, அந்த இலக்கம் நிரலைத் தொடவிடாமல் தடுக்கும். பேஜ் என்ற கருத்து பிறந்த வீட்டிலேயே ‘இதைத் தொடாதே, இதில் வேலை நடக்கிறது’ என்ற எச்சரிக்கையும் உடன்பிறந்திருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்று வாழ முடியாது என்பதற்கு அறுபது ஆண்டுச் சான்று இது.

ஆங்கிலப் பேஜின் மூலம் லத்தீன் மொழியின் ‘பாகினா’. பாப்பிரஸ் சுருளில் எழுதும் ஒரு பத்திக்கு அந்தப் பெயர். திராட்சைக் கொடிகளை வரிசையாகப் பந்தலில் கட்டிய அமைப்பையும் அச்சொல்லால் குறித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘பாங்கெரே’ என்னும் வினை. அதன் பொருள் அறைந்து இறுக்குதல், பிணித்தல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘பேஜைப் பின் செய்’ என்று கெர்னல்காரர்கள் சொல்லும்போது, இறுக்குதலைக் குறிக்கும் பழைய வேரைப் புதிய ஆணியால் மீண்டும் அறைகிறார்கள்.

அட்லஸுக்குப் பிறகு அந்த எச்சரிக்கை பல பெயர்களில் அலைந்தது. ஐ.பி.எம். பெருங்கணினிகளில் அது ‘பேஜ் ஃபிக்ஸ்’. அதுவும் லத்தீனில் அறைதலைக் குறிக்கும் சொல்லின் வழி வந்ததே. பி.எஸ்.டி. இயங்குதளக் குடும்பத்தில் ‘வயர்’, அதாவது கம்பியால் கட்டுதல். மேக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் ‘வயர்ட் மெமரி’ என்று இன்றும் தெரிவது அந்த வழக்கின் எச்சம். யூனிக்ஸில் ‘லாக்’. ஆனால் லினக்ஸில் ‘லாக்’ வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. ‘எம்-லாக்’ என்ற அழைப்பால் பூட்டிய பேஜ் நினைவகத்தை விட்டு வெளியேறாது. நினைவகத்துக்குள்ளேயே இடம் மாற்றப்படலாம். இருந்த இடத்திலேயே அசையாமல் இரு என்று சொல்ல வேறு சொல் தேவை. தரவுத்தளங்கள் எழுதுபவர்களிடம் ‘பின்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். லினக்ஸில் ஒரு பேஜ் பெரும்பாலும் 4096 பைட். ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஒரு சிறு பதிவு வைத்திருக்கிறது. வழக்கமாக 64 பைட். 1 ஜி.பி. நினைவகத்தில் 2,62,144 பேஜ்கள், அவற்றின் பதிவுகளுக்கு மட்டும் 16 எம்.பி. அந்தப் பதிவில் ஓர் எண்ணிக்கை உண்டு. யாராவது ‘கெட்’ என்றால் ஒன்று கூடும், ‘புட்’ என்றால் ஒன்று குறையும். சுழியானால் பேஜுக்கு ஆள் இல்லை. வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம்.

சேமிப்பகத்தைக் கையாளும் அடுக்குக்குப் பிளாக் அடுக்கு என்று பெயர். ஒரு தரவுத்தளம் ‘டைரக்ட் ஐ.ஓ.’ முறையில் வட்டிலிருந்து படிக்கும்போது, இடையில் கெர்னலின் தற்காலிகக் கிடங்கு இல்லை. நிரலின் நினைவகப் பேஜ்களையே வரிசையாகக் கோத்து, ‘பயோ’ என்ற பொட்டலத்தில் வைத்து, வட்டின் கட்டுப்பாட்டுக் கருவியிடம் பிளாக் அடுக்கு ஒப்படைக்கிறது. கருவி நேரே அந்தப் பேஜ்களில் எழுதுகிறது. எழுதி முடியும்வரை பேஜ் பறிபோகக் கூடாதே என்று ‘கெட்’ சொல்லி ஒன்றைக் கூட்டி வைப்பார்கள்.

பேஜ் பறிபோகாது, உண்மைதான். ஆனால் அந்தப் பேஜ் ஒரு கோப்பின் பகுதியாக இருந்தால்? கோப்பு முறைமை தன் கடமைப்படி அதை வட்டில் எழுதிவிட்டு, ‘இது சுத்தம்’ என்று குறித்து, இனி யாராவது எழுதினால் எனக்குச் சொல் என்று எழுத்துத் தடையும் போட்டுவிடும். நிரல் எழுதினால் தடை எழுப்பும் ஓசை கேட்கும். கருவி அந்தத் தடைக்குள்ளேயே வராது. அது கையில் வைத்திருப்பது நேர் முகவரி. சுத்தம் என்று குறித்த பேஜில் சத்தமில்லாமல் புதுத் தரவு விழுகிறது. வேலை முடிந்ததும் பிளாக் அடுக்கு வந்து ‘இந்தப் பேஜ் மாறிவிட்டது’ என்று அறிவிக்கும்போது கோப்பு முறைமை அதற்குரிய ஏற்பாடுகளைக் கலைத்திருக்கும். விளைவு, கெர்னல் நின்றுபோகலாம், தரவு கெடலாம். 2018இல் கெர்னல் நிரலாளர் யான் காரா இந்தப் பழுதைத் தெளிவாக எடுத்துவைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில், யூட்டாவின் பார்க் சிட்டியில் சேமிப்பகம், கோப்பு முறைமை, நினைவகம் ஆகிய துறைகளின் வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் அது விவாதத்துக்கு வந்தது.

அடிப்படைக் குறை எண்ணிக்கையில் இல்லை. எண்ணப்பட்ட பொருளுக்குப் பெயர் இல்லை. சுவடியைக் கையில் வைத்திருப்பவரும் அதில் எழுத்தாணியால் கீறிக்கொண்டிருப்பவரும் ஒருவரல்லர். கெர்னலோ இருவரையும் ‘ஒன்று’ என்றே கணக்கெழுதி வந்தது. பதிவை மட்டும் பார்க்க வருபவருக்குக் ‘கெட்’, பேஜின் உள்ளே இருக்கும் தரவைத் தொடுபவருக்குப் ‘பின்’ என்று பிரித்ததுதான் 2020இன் சாதனை.

பிரித்த கணக்கை எங்கே எழுதுவது? 64 பைட் பதிவில் புது எண்ணுக்கு இடமில்லை. பழைய எண்ணிக்கையிலேயே, ஒரு பின்னுக்கு 1 என்று கூட்டாமல் 1024 கூட்டினார்கள். எண்ணிக்கை 1024ஐ எட்டியிருந்தால் உள்ளே ஆணி இருக்கிறது என்று பொருள். சாதாரணக் ‘கெட்’டே ஆயிரத்து இருபத்து நான்கு சேர்ந்தாலும் அப்படித்தான் தோன்றும். அதனால் சோதித்துப் பார்க்கும் செயல்கூறுக்குப் ‘பேஜ் மேபீ டி.எம்.ஏ. பின்ட்’ என்று பெயர் வைத்தார்கள். டி.எம்.ஏ. என்பது கருவி நேரே நினைவகத்தைத் தொடுவது; ‘மேபீ’ என்றால் ‘ஒருவேளை’. இல்லாத ஆணியை உண்டென்று நினைத்தால் பெரிய நட்டமில்லை. இருக்கும் ஆணியை இல்லையென்று நினைத்தால் தரவு போகும். அந்த ஐயத்தை மறைக்காமல் பெயரிலேயே பொறித்து வைத்த நேர்மையை நான் மதிக்கிறேன். பல பேஜ்கள் சேர்ந்த பெருந்துண்டுகளில் தனி எண்ணுக்கு இடம் கிடைத்ததால் அங்கே ஐயமில்லை.

பிளாக் அடுக்கு முழுதாக இந்த வழிக்கு வந்தது 2023இல், 6.5 பதிப்பில். டேவிட் ஹவல்ஸும் கிறிஸ்டோஃப் ஹெல்விக்கும் செய்த வேலை. அதுவரை பயோவில் ‘பேஜ் பிடி இல்லை’ என்று எதிர்மறையாக ஒரு கொடி இருந்தது. அதைப் ‘பேஜ் பிடிக்கப்பட்டது’ என்று நேராக்கினார்கள். கூடவே ‘பேஜ் பின் செய்யப்பட்டது’ என்ற கொடியையும் நட்டார்கள். ‘பேஜ் பிடிக்கப்பட்டது’ என்ற இடைக்காலக் கொடி சில வாரங்களில் வேலை முடிந்து நீங்கியது. நிரலின் பேஜ்களை எடுத்துத் தரும் கூறின் பெயரும் ‘கெட்’ போய் ‘எக்ஸ்ட்ராக்ட்’ ஆயிற்று. ‘கெட்’ என்றால் எண்ணிக்கை கூடியிருக்கும் என்று படிப்பவர் நம்பிவிடுவார். கெர்னலின் சொந்த நினைவகமாக இருந்தால் எதுவும் கூட்டுவதில்லை.

இதனூடே 2022 ஜனவரியில் வெளிவந்த 5.16 பதிப்பில் மேத்யூ வில்காக்ஸ் கொண்டுவந்த ‘ஃபோலியோ’ வேறு புகுந்தது. பேஜ்கள் சேர்ந்த கட்டுக்கு அந்தப் பெயர். லத்தீனில் இலை என்று பொருள்.

‘பின்’ என்ற சொல் பெரும்பாலும் லத்தீன் ‘பின்னா’விலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்; இறகு, கூர்முனை என்று பொருள். நம் ‘பக்கம்’ என்ற சொல்லைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வடமொழிப் ‘பக்ஷ’த்தோடு சேர்க்கிறது. அதற்கும் சிறகு என்று பொருள் உண்டு. ‘பகு’ என்னும் தமிழ் வேரிலிருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் பின்னாவும் பக்ஷமும் உறவினர் அல்லர். பொருள் மட்டும் வழியில் சந்தித்துக்கொண்டது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? கைபேசியில் ஒரு செய்தியை மேலே நிறுத்துவதைப் ‘பின் பண்ணு’ என்கிறோம். எழுத்தில் அது இடத்தைக் குறிக்கும் ‘பின்’ என்ற சொல்லோடும் ‘பின்னு’ என்ற வினையோடும் மோதும். ஓலைச்சுவடியில் இரண்டு துளையிட்டு ஒன்றில் கயிறு கோப்பார்கள், மற்றொன்றில் உலோகக் கம்பி செருகுவார்கள். ஏடுகள் நழுவாமல் நிறுத்தும் அந்தக் கம்பிக்கு நாராசம் என்று பெயர். கருத்தளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் காதைத் துளைக்கும் குரலைத்தான் இன்று நாராசம் என்கிறோம். சுவடி போனது, சொல் திசைமாறிவிட்டது.

அதனால் நான் ‘தாளிடு’ என்கிறேன். தாள் என்றால் எழுதும் காகிதம். கதவுக்குப் போடுவதும் தாள்தான். பேஜும் ஆணியும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. கதவைத் தாளிட்டான் என்று இன்றும் எழுதுகிறோம். ‘கெட்’டுக்குப் பிடி, ‘புட்’டுக்கு விடு, ‘பின்’னுக்குத் தாளிடு, ‘அன்-பின்’னுக்குத் தாள்நீக்கு. பிடித்தவர் விட வேண்டும், தாளிட்டவர் தாள்நீக்க வேண்டும். பிடித்ததைத் தாள்நீக்கினாலோ தாளிட்டதை வெறுமனே விட்டாலோ கணக்கு 1023 தவறும்.