சித்தி இல்லாத குடும்ப மரம்



சென்ற ஆண்டு தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்கு உறவுப் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரும் தத்தம் குடும்ப மரத்தை வரைந்து வருமாறு பணித்திருந்தேன். மறுநாள் ஒரு மாணவன் தன் தாளைக் காட்டி, “டீச்சர், சித்தின்னு எழுத இடம் விட்டேன். ஆனா எனக்குச் சித்தியே இல்லையே?” என்று கேட்டான். அவன் மரத்தை உற்று நோக்கினேன். உச்சியில் அவனுடைய பாட்டியோடு பிறந்தவர்கள் எண்மர். அதன் கீழே பாட்டியின் பிள்ளைகள் நால்வர். தாய்வழியில் ஒரே ஒரு மாமா. அடியில் அவன் மட்டும் தனியே நின்றான். மரம் தலைகீழாக வளர்ந்தாற்போல் இருந்தது.

வகுப்பில் இருந்த ஏனைய மரங்களும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தன. அவை ஏன் அவ்வாறு ஆயின என்பதை எண்ணிப் பார்த்தபோது, நம் பாட்டிமார் வெளிப்படையாகப் பேசாத ஒரு வரலாறு கண்முன் விரிந்தது. கருத்தடை பற்றியும், சிறப்பாகக் கருத்தடை மாத்திரை பற்றியும் நம் பெண்கள் கொண்டிருந்த எண்ணங்களின் வரலாறு அது. அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

லிட்டில் இந்தியாவுக்கு அருகே, தேக்காச் சந்தையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்ததை மூத்தோர் நன்கு அறிவர். ‘எருமைத் தொழுவம்’ என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். அவ்வட்டாரத்தில் நம்மவர் பலர் மாட்டு வணிகம் செய்த காலத்தின் எச்சம் அப்பெயர். 1924ஆம் ஆண்டு மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கிய அங்கே, 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிரசவங்கள்! ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என்று கின்னஸ் சாதனை நூலில் அது இடம்பெற்றது. 1950களின் இறுதியில் சிங்கப்பூர்ப் பெண் ஒருத்தி சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் பெற்றாள். விடுதலை பெற்ற 1965ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை 4.66.

இந்நிலையை மாற்றும் முயற்சியை முதலில் தொடங்கியது அரசு அன்று, சில பெண்களே. போர் முடிந்தபின் நகரெங்கும் பசியால் வாடிய பிள்ளைகளுக்காக உணவு நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் தொண்டாற்றியவர்களுள் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ என்ற சீனப் பெண்மணி. சோறு வாங்க வரிசையில் நின்ற பிள்ளைகளின் பின்னே, மீண்டும் மீண்டும் கருவுற்றுத் தளர்ந்த அன்னையர் நிற்பதை அவர் கண்டார். சோறு மட்டும் போதாது என்று உணர்ந்த தொண்டர்கள் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. எனினும் பணி நிற்கவில்லை. 1952ஆம் ஆண்டு பம்பாயில் தன்வந்தி ராமராவ் அம்மையார் முன்னின்று நடத்திய அனைத்துலக மாநாட்டில், பெற்றோர்மைத் திட்டத்திற்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதனைத் தோற்றுவித்த எட்டு நாட்டுச் சங்கங்களுள் சிங்கப்பூரும் ஒன்றாக இருந்தது. தன்வந்தி அம்மையார் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இராணி மேரி கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி.

தமிழரிடையே இவ்விவாதம் அதற்கும் முன்னரே எழுந்துவிட்டது. 1920களின் இறுதியிலேயே கருத்தடையை ஆதரிக்கும் சங்கம் சென்னையில் தொடங்கப்பட்டது. வறுமை, மக்கள் பெருக்கம், தாயின் உடல்நலம் ஆகியன அங்கே காரணங்களாகக் கூறப்பட்டன. அதே காலத்தில் பெரியார் ஈ.வெ.ரா. வேறொரு காரணத்தை முன்வைத்தார். நாட்டின் வறுமைக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ அன்று, பெண் தன் விருப்பப்படி வாழும் உரிமைக்காகவே கருத்தடை வேண்டும் என்பது அவர் வாதம். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலில் அக்கருத்து ஓர் இயலாகவே உள்ளது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார் என்பதும் இங்குச் சீர்திருத்த இயக்கம் வேரூன்றியது என்பதும் நாம் அறிந்தவையே. கருத்தடை யாருக்காக, நாட்டுக்காகவா, பெண்ணுக்காகவா? இவ்வினாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே அமைகிறது.

1966ஆம் ஆண்டு சனவரியில் சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகை வாரியம் அமைக்கப்பட்டு, சங்கத்தின் மருந்தகப் பணிகளை அரசு ஏற்றுக்கொண்டது. தாய் சேய் நல நிலையங்களில் மிகக் குறைந்த கட்டணத்தில் கருத்தடைச் சாதனங்கள் கிடைத்தன. வாரியம் முதலில் கருப்பையினுள் பொருத்தும் ‘லூப்’ என்ற சாதனத்தையே பெரிதும் நம்பியது. ஆனால் இரத்தப்போக்கும் வலியும் கண்ட பெண்கள் அதனை விலக்கினர். சில ஆண்டுகளுக்குள் மாத்திரை முதலிடத்தைப் பிடித்தது.

மாத்திரையின் செயல் எளிது. பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் இருவகை இயக்குநீர்களைப் போன்ற பொருள்கள் அதில் உள்ளன. அவை கருமுட்டை வெளிப்படாமல் தடுக்கின்றன. நாள்தோறும் தவறாமல் உட்கொண்டால்தான் பயன். அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு கருத்தடைக்காக ஏற்கப்பட்ட முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள் 150 மைக்ரோகிராம் இருந்தது. இக்கால மாத்திரைகளில் அது பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரைதான். குமட்டல், தலைவலி என்று அக்காலப் பெண்கள் முறையிட்டது வெறும் அச்சமோ அறியாமையோ அன்று என்பதை இவ்வெண்களே காட்டும். மாத்திரைக்கும் இரத்தம் உறைதலுக்கும் உள்ள தொடர்பை 1960களின் இறுதியில் பிரிட்டிஷ் ஆய்வுகள் உறுதி செய்தன.

குடும்ப மரம் வரைந்த மாணவனின் பாட்டி சுவா சூ காங்கில் என் புளோக்கிற்கு அடுத்த புளோக்கில் வசிக்கிறார். பேரனின் பாடத்திற்காக அவரைக் காணச் சென்றேன். முதலில் உடன்பிறந்தோர் பெயர்களை மட்டுமே கூறினார். பேரன் கீழே விளையாடச் சென்றபின், தேநீரை ஆற்றிக்கொண்டே மெல்லப் பேசத் தொடங்கினார்.

பதினேழு வயதில் மணமாகிச் சிங்கப்பூர் வந்தவர் அவர். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையும் பொதுக் குழாயும் கொண்ட வாழ்க்கை. அடுத்தடுத்து இரு குழந்தைகள். பிறகு நிலையத்து மிசி ஒருவர் மாத்திரை அட்டையைக் கொடுத்திருக்கிறார்.

“தெனமும் ஒண்ணு, மறக்கக் கூடாதுன்னு மிசி சொன்னாங்க டீச்சர். அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சேன். உலை வைக்க அரிசி அள்ளுறப்ப ஒண்ணு முழுங்கிடுவேன். அவருக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது.”

ஓயாத குமட்டல் அவரைக் காட்டிக்கொடுத்தது. மருமகள் மறுபடியும் கருவுற்றாள் என்று மகிழ்ந்த மாமியார், உண்மையை அறிந்தபோது வீடு இரண்டுபட்டது. மாத்திரை நின்றது. பின்னர் மேலும் இரு பிள்ளைகள் பிறந்தனர். நான்காவது பிறந்தபோது காலம் மாறிவிட்டிருந்தது.

ஆம், 1970களில் காலம் மாறித்தான் போயிற்று. 1970ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டமும் விருப்பக் கருத்தடை அறுவைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. 1972இல் இரண்டோடு நிறுத்துக என்னும் இயக்கம் தொடங்கியது. ஆணோ பெண்ணோ இரண்டே போதும் என்று நான்கு மொழிகளிலும் பரப்புரை நடந்தது. பரப்புரையோடு நில்லாமல் அரசு கட்டுப்பாடுகளையும் விதித்தது. குழந்தைகளின் வரிசை கூடக்கூட அரசு மருத்துவமனைகளில் பிரசவக் கட்டணம் உயர்ந்தது. 1973 முதல் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு மட்டும் என்றாயிற்று. பெரிய குடும்பங்களுக்கு வீடு ஒதுக்குவதில் இருந்த முன்னுரிமை அகன்றது. கருத்தடை அறுவை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை கிடைத்தது. 1970களின் நடுப்பகுதியிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரி இரு குழந்தைகள் என்ற நிலையை நாடு எட்டிவிட்டது.

1980களில் காற்று திசை மாறியது. 1983ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ குவான் இயூ, படித்த பெண்கள் மணம் புரியாதிருப்பதையும் குறைவாகவே பிள்ளை பெறுவதையும் குறித்துக் கவலை தெரிவித்தார். 1984இல் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. கல்வி குறைந்த, வருமானம் குறைந்த இளந்தாய்மார் ஓரிரு குழந்தைகளுடன் அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றும் அறிவிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். பள்ளி முன்னுரிமை 1985இலேயே கைவிடப்பட்டது. வாரியமும் 1986இல் மூடப்பட்டது. அவ்வாண்டின் கருவள விகிதம் 1.43. மறு ஆண்டே, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்ற புதிய கொள்கை வந்தது. 2001இல் குழந்தை போனஸ் நடைமுறைக்கு வந்தது. 2023இல் கருவள விகிதம் 0.97 ஆகக் குறைந்தது.

பாட்டி இதனைத் தம் மொழியில் சுருங்கச் சொன்னார். “மொதல்ல ஏன் நிறுத்துறேன்னு கேட்டாங்க. அப்புறம் ஏன் பெத்தேன்னு கேட்டாங்க. இப்ப மருமகளை ஏன் ஒண்ணோட நிறுத்திட்டேன்னு கேக்குறாங்க. உனக்கு என்ன வேணும்னு மட்டும் யாரும் கேக்கல டீச்சர்.”

இவ்விடத்தில் சப்பானை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. அங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் கருக்கலைப்பு எளிதாயிற்று. ஆனால் கருத்தடை மாத்திரைக்கு 1999ஆம் ஆண்டு சூன் மாதம்தான் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவிற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பின்! அதே ஆண்டு சனவரியில் ஆண்களுக்கான வயாகரா சில மாதப் பரிசீலனையிலேயே ஒப்புதல் பெற்றுவிட்டதைக் கண்டு சப்பானியப் பெண்கள் சினந்தனர். எனினும் கதவு திறந்த பின்னரும் அவர்கள் மாத்திரையை நாடிச் செல்லவில்லை. இன்றும் அங்கே அதனைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. பல்லாண்டுகளாகப் பக்கவிளைவுகளைப் பற்றியே கேட்டுப் பழகிய மனம் ஓர் அரசாணையால் மாறிவிடாது அல்லவா? தமிழ்நாட்டின் வழி இன்னொன்று. அங்கே கருத்தடை என்றால் பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யும் அறுவையே. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை உட்கொள்வோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

மாத்திரையை ஊக்குவித்த சிங்கப்பூர், நெடுங்காலம் தடுத்த சப்பான், அறுவையையே நம்பிய தமிழ்நாடு ஆகிய மூன்றிலும் குடும்பம் சுருங்கியது. ஆகவே சாதனம் இதனை முடிவு செய்யவில்லை என்பது என் கருத்து. கல்வி, வேலை, வீட்டுச் செலவு, பிள்ளையைப் பற்றிய கனவு ஆகியவையே முடிவு செய்தன. ஆனால் அம்முடிவை எடுக்கையில் பெண்ணின் குரல் கேட்கப்பட்டதா, அவளுக்கு உண்மை முழுவதும் எடுத்துரைக்கப்பட்டதா என்பதில்தான் ஒரு சமுதாயத்தின் பண்பு விளங்குகிறது. அரிசி டின்னுக்குள் மாத்திரையை ஒளித்தவருக்கு மாத்திரை கிடைத்தது. பேச ஒருவர் கிடைக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பணி உண்டு. அத்தை, சித்தி, பெரியப்பா, சித்தப்பா என்று நுட்பமாக வகுத்த நம் உறவுச் சொற்கள் நிறைந்த குடும்பங்களில் பிறந்தவை. இனி வரும் தலைமுறைக்கு அச்சொற்கள் பாடநூலில் இருக்கும், வீட்டில் இரா. ஒற்றைப் பிள்ளையான என் மாணவன் வளர்ந்து தந்தையானால், அப்பிள்ளைக்குத் தந்தைவழியில் ஓர் அத்தையேனும் இருக்கமாட்டார். இதற்காக எந்தத் தாயையும் குறைகூற நமக்கு உரிமையில்லை. அக்கம்பக்கத்தாரையும் பெற்றோரின் நண்பர்களையும் இச்சொற்களால் அழைக்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். வகுப்பில் “உனக்கு ஏன் தம்பி தங்கை இல்லை?” என்று கேட்பதைத் தவிர்க்கலாம். அவ்வினாவின் பின்னே எந்த வீட்டில் எந்த வலி இருக்கிறது என்று நாம் அறியோம்.

பெற்றோர்களே, உங்கள் அன்னையரும் மாமியாரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய காலத்தைப் பற்றி ஒருநாள் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தீர்ப்புக் கூறாமல் கேளுங்கள்.

அந்த மாணவன் தன் மரத்தில் வெற்றிடமாக இருந்த கட்டத்தை அழிக்கவில்லை. எதிர்வீட்டில் வசிக்கும் ஒரு பெண்மணியின் பெயரை அதில் எழுதி வந்தான். அவன் பள்ளி விட்டு வரும்போது பாட்டி வீட்டில் இல்லையென்றால் அவர்தான் கதவைத் திறந்து சோறிடுவாராம். நான் அதனைச் சரியான விடையென்றே குறியிட்டேன்.