பெப்ரைட்டு மருந்தும் யாழ்ப்பாணத்து உளநல வைத்தியமும்: ஒரு வரலாற்று நோக்கு

மூளைக் கலங்களைப் பாதுகாக்கும் பெப்ரைட்டுக்கள் மனநோயையும் தீர்க்கும் என்ற எதிர்பார்ப்பு இன்று வளர்ந்து வருகின்றது. அமினோ அமிலங்கள் சங்கிலியாய் இணைந்தமைந்த சேர்வைகளே பெப்ரைட்டுக்களாகும். பன்றியின் மூளைப் புரதத்திலிருந்து பெறப்படும் செரிபுரோலைசின் இத்தகைய மருந்துகளுள் ஒன்று. இவ்வெதிர்பார்ப்பை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவதே எமது எண்ணம்.

பெப்ரைட்டால் மனநோயைத் தீர்க்க முயல்வது புதியதன்று. 51 அமினோ அமிலங்களாலான இன்சுலினும் பெப்ரைட்டே. அதனை மிகுதியாகச் செலுத்தி நோயாளரை ஆழ்மயக்கத்துக்குள்ளாக்கும் முறையை 1933இல் வியன்னாவில் மன்பிரெட் சாக்கெல் அறிவித்தார். அது பல நாடுகளிற் பரவிற்று; சிலர் உயிரும் இழந்தனர். 1957இல் இலண்டனில் வெளியான ஆய்வொன்றில், ஒரு சாராருக்கு இன்சுலினாலும் மறுசாராருக்கு வேறொரு மருந்தாலும் மயக்கம் உண்டாக்கப்பட்டது. இருசாராரிடையும் பயனில் வேறுபாடு காணப்படவில்லை. கண்ட நன்மைக்கு இன்சுலினன்றி, நோயாளர் பெற்ற இடையறாத பராமரிப்பே காரணமாகலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அத்தகைய பராமரிப்பு யாழ்ப்பாணத்து மனநோயாளருக்கு வாய்த்ததா? 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். உடல்நோய்க்குக் கிட்டிய இவ்வண்மை மனநோய்க்குக் கிட்டவில்லை. 1873ஆம் ஆண்டுச் சட்டம் சித்தசுவாதீனமின்மையைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாவட்ட நீதிமன்றத்திடம் விட்டது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புப் பகுதி மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர், உறவையும் மொழியையும் ஒருங்கே பிரிந்தார். பிற்காலத்தில் தெல்லிப்பழையில் உளமருத்துவப் பிரிவு இயங்கியமை இவ்வகையில் முக்கியமானது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழ் மக்களின் போர்க்கால உளவடுக்களை 1998இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். தனியாளுக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் நேர்ந்த காயமாக அவற்றைக் காணவேண்டும் என்பது அவரது ஆய்வுகளின் அடிநாதம். மருந்து குறைந்தபோதும் உறவின் துணை சிகிச்சையின் அங்கமாயிருந்தது.

இதனால் நாம் மருந்தை மறுக்கிறோம் என்பதன்று. 1952இல் குளோர்புரோமசீன் பிரான்சில் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியமை பெருந்திருப்பமாயிற்று. ஆயினும் செரிபுரோலைசின் மனநோய்க்குரிய சிகிச்சையென இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆதலின் ஒவ்வொரு புதிய பெப்ரைட்டும் 1957இன் சோதனையை ஒத்த ஒப்பீட்டுக்கு உட்படவேண்டும். அதன் பயனும் ஆபத்தும் நோயாளருக்கும் உறவினருக்கும் விளங்கும் தமிழில் முன்வைக்கப்படவும் வேண்டும். கிறீன் தொடங்கிய பணியில் எஞ்சியுள்ள பகுதி இதுவே.